மஞ்சக்குப்பம் வீட்டுக்குச் சிலேட்டா, மங்களூர் ஓடா?

அக்கா மகன் மான்செஸ்டரில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டுக் கடலூருக்கே திரும்பிவிட்டான். வந்த மறுநாள் மஞ்சக்குப்பத்து வீட்டு வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தான். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் பாதி ஓடு பறந்துபோய், கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிய கூரை அது. மூன்று ஊர் ஓடு, நான்கு நிறம்.

"மாமா, இதைப் பிரிச்சுட்டு ஸ்லேட் போட்டுடலாமா? அங்கல்லாம் நூறு வருஷக் கூரை இன்னும் அசையாம நிக்குது."

பழைய வீடுகளைப் பிரித்து மேய்கிற வேலையில்தான் எனக்குச் சோறு. அதனால் எடுத்த எடுப்பில் வேண்டாம் என்று சொல்லவில்லை. விலைப்பட்டியல் வாங்கியிருக்கிறாயா என்று கேட்டேன். கைப்பேசியில் நான்கு காட்டினான். ஒன்று ஸ்பெயின், ஒன்று இமாச்சல், ஒன்று ஆந்திரத்து மார்க்காப்பூர். நான்காவது கடப்பாக் கல். நான்கிலும் 'ஸ்லேட்' என்றே போட்டிருந்தது. சிக்கல் அங்கேதான் ஆரம்பம். நான்கும் ஒரே பொருளின் நான்கு விலை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். நான்கும் வேறு வேறு. அதில் ஒன்று சிலேட்டே கிடையாது.

சிலேட்டுக் கல்லுக்கு நாம் கொடுக்கும் காசு அதன் நிறத்துக்கோ பளபளப்புக்கோ இல்லை. அது பிளக்கும் விதத்துக்குத்தான். ஐந்தாறு மில்லிமீட்டர் தகடாக, நேராக, சொன்னபடி பிளக்க வேண்டும். பிளந்த தகடு தண்ணீர் குடிக்கக் கூடாது. இந்த இரண்டு குணமும் பாறைக்கு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் நான்கு பட்டியலையும் பிரித்துப் பார்ப்பது சுலபம்.

கடலடியில் நுண்ணிய சேறு படிந்து படிந்து இறுகினால் களிப்பாறை. அது அடுக்கடுக்காகப் பிரியும், ஆனால் மழையில் ஊறி மாவாகிவிடும், கூரைக்கு உதவாது. அதே பாறையை இரண்டு நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நெருக்கிப் பிழிந்தால் கதை மாறும். பூமிக்குள் உள்ள வெப்பமும் அந்த அழுத்தமும் சேர்ந்து, களிமண் துகள்களைப் பொடிப்பொடியான மைக்காவாகவும் குளோரைட்டாகவும் மாற்றுகின்றன. நம் ஊரில் காக்காப்பொன் என்போமே, அந்தச் சாதிதான், கண்ணுக்குத் தெரியாத அளவில். இந்தத் தகடுகள் எல்லாம் அழுத்தம் வரும் திசைக்குக் குறுக்காகத் திரும்பி, சீட்டுக்கட்டை நிறுத்திவைத்தது மாதிரி அணிவகுத்துவிடும். பிறகு அந்தப் பாறை பிளப்பது பழைய சேற்று அடுக்கின் வழியாக இல்லை, இந்தப் புது அணிவகுப்பின் வழியாக. நல்ல சிலேட்டில் பழைய அடுக்கு வெறும் நிறக்கோடாக, பிளவுக்குக் குறுக்கே ஓடுவதைப் பார்க்கலாம். உளி அந்தக் கோட்டைச் சட்டை செய்யாமல் போகும்.

நம் காலடியில் இது ஏன் இல்லை என்பதற்கும் இதுவே பதில். கேப்பர் மலைச் செம்மண்ணும் திருவக்கரையில் கல்லாய்ப் போன மரங்களைத் தாங்கி நிற்கும் பாறையும் கடலூர் மணற்கல் என்றே பெயர் வாங்கிய ஒரே வகைதான். பூமியின் கணக்கில் நேற்றுப் படிந்தது, யாரும் பிழியாதது. கையால் உதிர்க்கலாம். மேற்கே திண்டிவனம், விழுப்புரம் பக்கம் போனால் கருங்கல். அது உடையும், தகடாகப் பிளக்காது. ஆகக் கடலூர் வீட்டுக்குச் சிலேட்டு என்றால் எங்கிருந்தாவது லாரியோ கப்பலோ ஏறித்தான் வர வேண்டும்.

கடப்பாவை முதலில் தள்ளிவிடலாம்

நான்கில் விலை மலிவு கடப்பாதான். அக்கா வீட்டுச் சமையல் மேடையே கடப்பாதான். அந்த மேடையில் எலுமிச்சை வெட்டிக் கவிழ்த்த இடமெல்லாம் வெளுத்து, மங்கி, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். பையனைக் கூப்பிட்டு அதைத்தான் காட்டினேன். மேடையின் ஓரத்தில் ஆணியால் கீறி, வந்த பொடிமேல் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டேன். சன்னமாக நுரை கட்டியது. மார்க்காப்பூர் மாதிரிக் கல்லிலும் அதையே செய்தேன். சாறு சும்மா கிடந்தது. "அப்ப இது சுண்ணாம்புக் கல்லா?" என்றான். ஆமாம், கடப்பாக் கல் என்று நாம் வாங்குவது சுண்ணாம்புக்கல். ஜம்மலமடுகு பக்கம் உள்ள நார்ஜி என்ற ஊரின் பெயரால் நிலவியல்காரர்கள் அதை நார்ஜி சுண்ணாம்புக்கல் என்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மார்க்காப்பூர்ச் சிலேட்டும் அதே கடப்பா வடிநிலத்தில், அதாவது பழங்காலத்தில் சேறு படிந்து நிரம்பிய அதே பெரும்பள்ளத்தில், கிடைப்பதுதான். வடிநிலத்தின் கிழக்குப் பாதி, அதாவது நல்லமலைப் பக்கம், மடிந்து நசுங்கிய பகுதி. மேற்கே நார்ஜிக் கல் கிடைக்கும் பக்கம் பாறைகள் பெரும்பாலும் விரித்த பாய் மாதிரி படுத்திருக்கின்றன. கிழக்கே பிழிந்தது சிலேட்டாயிற்று. மேற்கே பிழியாதது படிந்த அடுக்கின் வழியாகவே பிரிகிறது, அதனால் பலகை தடியாகத்தான் வரும். இருபது மில்லிமீட்டர்க் கடப்பாவைச் சிலேட்டு முறையில் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கூரை போட்டால் ஒரு சதுரத்துக்கு, அதாவது நூறு சதுர அடிக்கு, பன்னிரண்டு குவிண்டாலுக்கு மேல் எடை விழும். பழைய கைமரம் அன்றைக்கே கையெடுத்துக் கும்பிட்டுவிடும். மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் கடப்பாவை மிஞ்ச ஆளில்லை. கூரைக்கு வேண்டாம்.

மார்க்காப்பூர்

நாற்பது தாண்டியவர்களுக்கு இந்தக் கல்லை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மரச்சட்டம் போட்ட பள்ளிக்கூடச் சிலேட்டு ஞாபகம் இருக்கிறதா? எச்சில் தொட்டு அழித்து, கோவைக்காயும் இலையும் தேய்த்து, பல்பக் குச்சியால் அ, ஆ எழுதிய கல். அந்தத் தொழிலுக்குப் பெயர்போன ஊர் மார்க்காப்பூர். பிளாஸ்டிக் சிலேட்டு வந்து அந்தப் பிழைப்பில் மண் விழுந்தது. இப்போது அங்கிருந்து வருவதில் பெரும்பகுதி சுவரில் ஒட்டுகிற, தரையில் பதிக்கிற பலகைகள். கல்லின் வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். தூரமோ ஐநூறு அறுநூறு கிலோமீட்டர்தான்.

நான் சாய்வது இந்தக் கல் பக்கம்தான், ஆனால் ஒரு தயக்கத்தோடு. கூரைக்கு என்று தனியாகப் பிளந்து தரம் பார்த்து வருவதும், சுவருக்கென்று வெட்டி வருவதும் ஒன்றில்லை. சுவர்ப் பலகை பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்கும். அதைக் கூரையில் ஏற்றினால் எடை இரட்டிப்பாகும். கடைக்காரருக்கு அந்த வித்தியாசம் தெரிய நியாயமில்லை, அவர் விற்பது சதுர அடிக் கணக்கில். பையன் வாங்கி வந்த மாதிரிக் கற்கள் ஆறு. அளந்து பார்த்தால் ஒரே கல்லின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். சுவரில் சிமெண்டு அதை விழுங்கிவிடும். கூரையில் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்மேல் தூக்கிக்கொண்டு உட்காரும், அந்தச் சந்தில் காற்று நுழையும்.

ஒன்றில் தங்கப்பொட்டு மாதிரி மினுக்கங்கள். அதுதான் அவனுக்குப் பிடித்தது. அது பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது. சில கல்லில் அது கனசதுரமாக, கெட்டியாக, எத்தனை காலமானாலும் அப்படியே இருக்கும். சில கல்லில் ஈரமும் காற்றும் பட்டதும் துருவாகி, கூரையில் காப்பிக்கறை ஒழுகவிடும், முற்றினால் அந்த இடத்தில் ஓட்டையே விழும். எது எந்த வகை என்று கண்ணால் மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் ஐரோப்பியத் தர விதியில் கல்லைச் சூடாக்கியும் நனைத்தும் மாறி மாறிச் சோதித்து, T1, T2, T3 என்று முத்திரை குத்துகிறார்கள். T1 என்றால் கறையில்லை. T3 என்றால் துளை விழும் அபாயம் உண்டு.

வீட்டிலேயே செய்யக்கூடியது தண்ணீர்ச் சோதனை. உலர்ந்த கல்லை நகைக்கடைத் தராசில், இல்லையென்றால் கிராம் காட்டும் அடுப்படித் தராசில் நிறுத்துங்கள். இரண்டு நாள் தண்ணீரில் போட்டு, துடைத்து, மறுபடி நிறுத்துங்கள். அதே ஐரோப்பிய விதி கேட்பது 0.6 சதவீதத்துக்குள். இரண்டு கிலோக் கல் பன்னிரண்டு கிராமுக்கு மேல் குடிக்கக் கூடாது. அமெரிக்க விதி இன்னும் கறார்: 0.25 சதவீதத்துக்குள் இருந்தால்தான் முதல் தரம், 75 ஆண்டுக்கு மேல் உழைக்கும் என்பார்கள். தராசு இல்லையென்றால் கல்லை வாளித் தண்ணீரில் பாதி மூழ்க நிறுத்தி, காலையில் ஈரக்கோடு எவ்வளவு மேலேறியிருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் மட்டத்தை ஒட்டியே நின்றால் நல்ல கல். தட்டிப் பார்ப்பதும் உண்டு. விரல் முட்டியால் தட்டினால் வெண்கலக் கிண்ணம் மாதிரி கணீரென்று கேட்க வேண்டும். சட்டி உடைந்த சத்தம் வந்தால் உள்ளே விரிசல்.

அவன் ஆறில் நான்கு தேறியது. ஆறுக்கு இரண்டு போனால் ஆயிரத்துக்கு எத்தனை என்று அவனே கணக்குப் போட்டுக்கொண்டான்.

கப்பலில் வரும் கல்

கூரைச் சிலேட்டு என்றாலே வேல்ஸ் என்று ஒரு காலம். பெத்தெஸ்டாவில் உள்ள பென்ரின் குவாரியின் கல் 50 கோடி ஆண்டுக்கு மேல் பழையது, ஊதா கலந்த நிறம். இரும்புத் தாது கலந்தால் ஊதா, குளோரைட் மிகுந்தால் பச்சை, கரிச்சத்து கலந்தால் கறுப்பு. மலையைப் படிக்கட்டு படிக்கட்டாக வெட்டி இறங்குவார்கள். பிளைனாய் ஃபெஸ்டினியோகில் மலைக்குள்ளேயே அறை அறையாகக் குடைந்து, இடையில் கல்தூண்களை விட்டு எடுத்தார்கள். வெடி வைப்பதிலும் நிதானம் வேண்டும். டைனமைட் மாதிரி வெட்டென்று வெடிப்பது கல்லுக்குள் மயிரிழை விரிசலை விட்டுவிடும் என்று, மெதுவாகத் தள்ளுகிற கறுப்பு வெடிமருந்தையே நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். இப்போது வைரக்கம்பி ரம்பம்.

பிளக்கிற வேலையைப் பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பாளத்தை ஈரம் காயாமல் வைத்திருப்பார்கள். குவாரி ஈரம் போய்விட்டால் பிளவு பிடிவாதம் பிடிக்கும். பாளத்தை நட்டநடுவில் இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி, நான்கை எட்டாக்கி, எப்போதும் பாதிபாதியாகவே போவார்கள். ஓரத்திலிருந்து ஒரு தகடு உரிக்கப் பார்த்தால் மெல்லிய பக்கம் வளைந்து உடைந்துவிடும். அகலமான மெல்லிய உளி, மரச் சுத்தியல். கேக் வெட்டுவது போல அல்ல, வெற்றிலைக் கட்டைப் பிரிப்பது போலப் பதமாக. இவ்வளவு பார்த்தும் ஒரு டன் கூரைக்கல்லுக்குப் பத்து டன் வரை கழிவு. அந்த ஊர்களின் மலைச்சரிவெல்லாம் கழிவுக் குவியல்தான். அந்த நிலத்தைத்தான் 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. பென்ரினில் 1900 முதல் 1903 வரை மூன்று ஆண்டு நடந்த வேலைநிறுத்தம் பிரிட்டனின் தொழிற்சங்க வரலாற்றிலேயே நீண்டவற்றில் ஒன்று. நூறு வருடக் கூரை என்று பையன் வியந்ததன் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

இன்று உலகத்துக்குக் கூரைச் சிலேட்டு அதிகம் கொடுப்பது ஸ்பெயின், அதிலும் கலீசியா. தரச்சான்று, சீரான தடிமன், ஆணித்துளை எல்லாம் ஒழுங்காக இருக்கும். எடைக்குப் பயப்பட வேண்டாம், இதை மட்டும் கணக்கோடு சொல்கிறேன். இருபதுக்குப் பத்து அங்குலக் கல், பிரிட்டன் கொத்தனார்கள் 'கவுண்டஸ்' என்று பெயர் வைத்த அளவு. மேலேற்று, அதாவது ஒரு கல் தனக்குக் கீழே இரண்டாவது வரிசைக் கல்லின் மேல் ஏறி மூடும் அளவு, நான்கு அங்குலம் விட்டால் ஒரு சதுரத்துக்கு 180 கல். ஆறு மில்லிமீட்டரில் ஒரு கல் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். மொத்தம் ஏறக்குறைய 380 கிலோ. மங்களூர் ஓடு ஒரு சதுரத்துக்கு 140, 150 ஓடு, ஒன்று இரண்டேகால் கிலோ என்றால் 330 கிலோ. ஆனால் ஓடு தன் எடையில் ஆறில் ஒரு பங்கு, சமயத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை தண்ணீர் குடிக்கும். அடைமழை நாளில் இரண்டும் ஒரே எடைதான்.

தடங்கல் வேறு இடத்தில். வீட்டுக் கூரை எட்டுச் சதுரம். மொத்தமே மூன்று டன் கல். அதற்காக யாரும் தனிக் கண்டெய்னர் விடமாட்டார்கள். பிறருடைய சரக்கோடு சென்னைத் துறைமுகம் வந்து, உடைசல் போக எண்ணி எடுத்து, பத்து வருடம் கழித்து அதே நிறத்தில் ஐம்பது கல் வேண்டுமென்றால் எங்கே போவது?

இமாச்சல் பட்டியலை இதே காரணத்துக்காக ஓரம் வைத்தேன். தர்மசாலா, காங்ரா, சம்பா பக்கத்து வீடுகளில் அந்தக் கல் அழகாகவே இருக்கிறது. கொஞ்சம் தடித்து, ஒழுங்கில்லாமல், அந்த மலைக்கு ஏற்ற முரட்டுத்தனத்தோடு. இரண்டாயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் லாரி வாடகை கொடுத்துக் கடற்கரைக்குக் கொண்டுவரும் அளவுக்கு அதில் நமக்கு ஒன்றுமில்லை.

ஆணிதான் கூரை

கல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மறந்துபோவது ஆணி. நூறு வருடம் உழைக்கும் கல்லை இருபது வருடத்தில் துருப்பிடிக்கும் ஆணியில் தொங்கவிட்டால் அது இருபது வருடக் கூரை. தேவனாம்பட்டினக் கடல் எங்கள் தெருவிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர். ஜன்னல் கம்பி படும் பாட்டைப் பார்த்தாலே தெரியும். நாகப்பூச்சு ஆணி இங்கே பேச்சுக்கே இல்லை. செம்பு ஆணி, அல்லது 316 வகை எவர்சில்வர்க் கொக்கி. கொக்கி எனக்கு அதிகம் பிடிக்கும், உடைந்த கல்லை மாற்ற மேல் வரிசையைக் கலைக்க வேண்டாம். ஆணித்துளையைக் கல்லின் பின்பக்கமிருந்து குத்த வேண்டும் என்பது கூட இங்கே பல பேருக்குத் தெரியாது. அப்படிக் குத்தினால்தான் முன்பக்கம் சில்லு தெறித்து ஆணித்தலை உட்கார ஒரு குழி கிடைக்கும். மாற்றிக் குத்தினால் ஆணித்தலை துருத்தி, மேலே வரும் கல்லை உடைக்கும்.

மங்களூர் ஓட்டுக்கு இருப்பது போல சிலேட்டுக்கு வரம்பும் பள்ளமும் கிடையாது. ஒன்றை ஒன்று கவ்வாது. மேலேற்று மட்டுமே தண்ணீரைத் தடுக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது ஒரே நாளில் அங்கே 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி நேரத்தில் மழை மேலிருந்து கீழே பெய்வதில்லை, காற்று அதைக் கூரைச் சரிவில் கீழிருந்து மேலே தள்ளும். ஆகவே சிலேட்டு என்றால் கீழே பலகை அடித்து, நீர்புகாத விரிப்பு போட்டு, அதன்மேல்தான் கல். இந்தச் செலவு அவன் வாங்கிய நான்கு பட்டியலிலும் இல்லை. ஓடு தாங்கும் பழைய ரீப்பர்ச் சட்டங்கள்மேல் நேராகக் கல்லை அடுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வெயிலும் இருக்கிறது. கறுத்த கல் சித்திரை மதியத்தில் அடுப்புக்கல் மாதிரி காயும். மான்செஸ்டரில் அது வரம். ஓட்டுக் கூரைக்குள் சந்து வழியாகக் காற்று போய் வரும், விரிப்பு போட்ட சிலேட்டுக் கூரையில் அந்த வழியை நாமே பார்த்து விட வேண்டும், இல்லையென்றால் அக்கா மின்விசிறியைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

மங்களூர் ஓட்டுக்கு இத்தனை வியாக்கியானம் தேவையில்லை. 1865-இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் சூளை போட்டு ஆரம்பித்தது. கவ்வும் வரம்புகள் உள்ளது. உடைந்தால் மேல் ஓட்டைத் தூக்கி, புதியதை நுழைத்து, இறங்கிவிடலாம், பக்கத்துத் தெரு ஆசாரிக்கே கை வந்த வேலை. தென்னை மட்டை விழுந்தால் இதுவும் உடையும், சிலேட்டும் உடையும். உடைந்த மறுநாள் எதைச் சரிசெய்ய ஆள் கிடைக்கும் என்பதுதான் கேள்வி. இதன் குறை காற்று. வெறும் எடையை நம்பி அடுக்கிய ஓடு தானேயில் எப்படிப் பறந்தது என்று நாங்களே பார்த்தோம். இறவானத்தில் மூன்று வரிசை, முகட்டில் இரண்டு, ஓரங்களில் எல்லா ஓடும் எவர்சில்வர்க் கம்பியால் ரீப்பரோடு கட்டப்பட வேண்டும். புதுச்சேரியில் வீடு இடிக்கும் இடங்களில் பழைய ஓடு கிடைக்கிறது. தட்டிப் பார்த்துச் சத்தம் நன்றாக இருப்பதை எடுத்தால், இப்போது வரும் பல புது ஓட்டைவிட உழைக்கும் என்பது என் அனுபவம்.

முடிவு இப்படி ஆனது. ஏழு சதுரம் பெரிய கூரைக்குப் பழைய மங்களூர் ஓடு, கம்பிக் கட்டோடு. முன்வாசல் போர்டிகோ மட்டும் ஒரு சதுரம், அதற்குச் சிலேட்டு. மார்க்காப்பூரில் எட்டு மில்லிமீட்டருக்குள் பிளந்து தர ஒப்புக்கொண்டால் அந்தக் கல். ஒப்புக்கொள்ளாவிட்டால் போர்டிகோவுக்கும் ஓடுதான். 180 கல்லுக்குப் பதில் 270 கேட்டிருக்கிறோம், தண்ணீரில் போட்டுக் கழித்தது போகத் தேறுவதற்கு. பையனுக்கு அரை மனது. "மாமா, தரையில இருந்து பார்த்தா போர்டிகோதானே தெரியும்" என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

தேறாத இரண்டு மாதிரிக் கல்லில் ஒன்றை அக்கா எடுத்து அடுப்படி ஜன்னலில் சாய்த்து, சாக்பீஸால் பால் கணக்கு எழுதுகிறாள். மற்றது இன்னும் வாளியில் நிற்கிறது. ஆடி முடிந்ததும் கூரையைப் பிரிக்க ஆசாரி நாள் கொடுத்திருக்கிறார், ஐப்பசி மழைக்குள் மூடியாக வேண்டும். எவர்சில்வர்க் கொக்கிக்குச் சென்னையில் சொல்லி வைத்திருக்கிறேன், இன்னும் வந்து சேரவில்லை.